மழைநாளில் மலரும் காகிதப் பூக்கள்

விடியற்காலையில் பெய்யும் மழை தோட்டப்புற மக்களுக்குப் புதியதன்று. பட்டை நனைந்துவிட்டால் பால் தன் தடத்தை விட்டு மரமெங்கும் வழிந்தோடிவிடும். மங்குக்கு வந்து சேராது. ஆதலால் அன்று வெட்டு இல்லை. ஆண்டின் முற்பகுதியில் இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்திலும் பால் குறைந்துவிடுகிறது. அத்தகைய நாள்களில் கைகள் ஓய்ந்திருக்கின்றன. வீட்டுச் செலவோ ஓய்வதில்லை.

இவ்வோய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும் கைத்தொழில்களுள் ஒன்று காகிதச் சுருள் வேலை. இதனைக் 'குவில்லிங்' என்றும் அழைப்பர். மெல்லிய காகிதக் கீற்றுகளைச் சுருட்டி, விரலால் அழுத்தி உருவம் கொடுத்து, அவற்றை ஒட்டிப் பூவாகவும் இலையாகவும் மயிலாகவும் அமைப்பதே இக்கலையாகும். முற்காலத்தில் ஐரோப்பாவின் கிறிஸ்துவ மடங்களில், பொன்னிற விளிம்புடைய காகிதக் கீற்றுகளைக் கொண்டு புனிதப் பொருள்களை அழகுபடுத்தினர். கீற்றுகளைச் சுருட்டப் பறவை இறகின் காம்பு பயன்பட்டதாகவும், அதனாலேயே இப்பெயர் வந்ததாகவும் கூறுவர். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வர் வீட்டுப் பெண்கள் தேயிலைப் பெட்டிகளை இவ்வேலையால் அலங்கரித்தனர். அன்று செல்வர்தம் பொழுதுபோக்காக இருந்த கலை, இன்று சில வெள்ளிச் செலவில் எவரும் கற்கத்தக்கதாயிருக்கிறது.

இதற்கு வேண்டிய முதல் தகுதி நம்மவரிடம் ஏற்கெனவே உண்டு. ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் பட்டையை மட்டும் சீவி, மரத்தைக் காயப்படுத்தாமல் நாள்தோறும் பால் எடுக்கும் கைக்கு, காகிதக் கீற்றைச் சுருட்டுவது அரிதாகுமா?

தேவையான பொருள்கள்

நான்கைந்து நிறங்களில் வண்ணத் தாள், சற்றுத் தடித்த வெள்ளை அட்டை, வெள்ளைப் பசை, இரும்பு அளவுகோல், பிளேடு, பல்குத்தும் குச்சி, சத்தே குச்சி ஆகியவை போதும். சுருட்டுவதற்கென்று கடைகளில் தனிக் கருவி விற்கப்படுகிறது; தொடக்கத்தில் அது வேண்டியதில்லை. சத்தே குச்சியின் கூர்முனையை நறுக்கிவிட்டு, அம்முனையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்திற்குப் பிளந்தால் கருவி ஆயத்தம். பிளேடு வேலையைப் பெரியவர்களே செய்யவேண்டும். சிறுவர் சிறுமியரிடம் சுருட்டும் வேலையை ஒப்படைக்கலாம்.

பழைய செய்தித்தாளைப் பழகுவதற்கு மட்டும் பயன்படுத்துக. அது நாளடைவில் பழுப்பேறிவிடும். பரிசுப் பொருளுக்கு உதவாது.

செய்முறை

ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். அகலம் 210 மில்லிமீட்டர். நீளவாக்கில் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள கீற்றுகளாக வெட்டினால் ஒரு தாளில் 42 கீற்றுகள் கிடைக்கும். கைதேர்ந்தவர்கள் 3 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டுவர். தொடக்கத்தில் அகலமான கீற்றே கைக்கு அடங்கும்.

கீற்றின் ஒரு முனையைக் குச்சியின் பிளவில் செருகி, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று நேராகப் படியுமாறு இறுகச் சுருட்டுக. குச்சியை மெல்ல உருவியதும், அவிழவிடாமல் மறுமுனையை ஒட்டினால் அது இறுக்கச் சுருள்; பூவின் நடுவுக்கு ஏற்றது. சற்று அவிழவிட்டு ஒட்டினால் அது தளர்சுருள். தளர்சுருள்கள் யாவும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். அதற்கு, அட்டையின்மேல் 10 காசு நாணயத்தை வைத்துப் பென்சிலால் வட்டம் வரைந்து, அக்கோட்டைத் தொடும் வரை சுருளை விரியவிடலாம்.

தளர்சுருளின் ஒரு பக்கத்தை மட்டும் கிள்ளினால் நீர்த்துளி வடிவம் கிடைக்கும், அதுவே இதழ். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் கிள்ளினால் கண் வடிவம், அதுவே இலை. நான்கு பக்கம் கிள்ளினால் சதுரம். இம்மூன்று வடிவங்களும் கைவந்துவிட்டால், வாசலில் இடும் கோலத்தையே காகிதத்தில் அமைத்துவிடலாம்.

ஆறு இதழ், ஒரு நடுச்சுருள், இரண்டு இலை கொண்ட பூவுக்கு, நடுச்சுருளுக்கு அரைக் கீற்றாக, எட்டரைக் கீற்றுகள் செலவாகும். ஒரு தாளளவு காகிதம் நான்கு பூக்களுக்குப் போதும். பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒரு பொட்டுப் பசை வைத்தால் போதுமானது. மிகுதியான பசை காய்ந்தபின் கறையாகத் தெரியும்.

ஈரம் என்னும் எதிரி

வேலைக்கு ஓய்வு கிடைப்பது மழைநாளில்; காகிதத்திற்கு ஆகாததும் அம்மழைநாளே. ஈரக்காற்றில் காகிதம் தளர்ந்துவிடும். சுருள் சீராக விரியாது. பசை காயவும் நேரமாகும். ஆகவே வெயில் நாளில் கீற்றுகளை வெட்டி, மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் சேமித்து வைக்கவேண்டும். காலணிப் பெட்டிகளில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை அதனுள் இடலாம். மழைநாளில் பத்துப் பத்துக் கீற்றுகளாக வெளியே எடுத்துச் சுருட்டுவது நலம். கோதுமை மாவுப் பசை மலிவானதே. ஆயினும் அதில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பான் பூச்சியும் நாடிவரும். செய்து முடித்த பொருளை நேர்வெயிலில் மாட்டினால் நிறம் மங்கிவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

விலை வைக்கும் முறை

வாழ்த்து அட்டை, சீர்வரிசைத் தட்டின் அலங்காரம், வாசற்கதவுப் பெயர்ப்பலகை ஆகியன விரும்பி வாங்கப்படக்கூடியவை. ஆனால் வீட்டில் செய்யும் வேலைக்கு விலை வைக்கும்போது, தாளின் விலையை எண்ணி உழைப்பை மறந்துவிடுவோர் பலர். இக்கலையில் காகிதத்தின் விலை சிறிது. செலவாகும் நேரமே பெரிது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு மணி நேர உழைப்புக்கு 8 வெள்ளி என மதிப்பிடுவோம். மூன்று பூக்கள் கொண்ட அட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனால் கூலி 12 வெள்ளி. பொருட்செலவு 1 வெள்ளி. ஆக 13 வெள்ளி. ஒரு வாழ்த்து அட்டைக்கு இவ்வளவு கொடுப்போர் சிலரே. அதற்காக அதனை 5 வெள்ளிக்கு விற்றால் நாம் மணிக்கு 3 வெள்ளிக்கும் குறைவாகவே பெற்றவராவோம். மாறாக, அரை மணியில் முடியும் ஒற்றைப் பூ அட்டையைச் செய்தால் கூலி 4, பொருள் 1. ஐந்து வெள்ளி நேர்மையான விலையாகிவிடும். வேலைப்பாட்டைக் குறைக்கலாம், கூலியைக் குறைக்கலாகாது.

கடன் வாங்கிக் கருவிகள் வாங்குவதும், கேட்பார் உண்டா என்று அறியாமல் நூற்றுக்கணக்கில் செய்து குவிப்பதும் தவறு. முதலில் பத்து அட்டைகள் செய்து, அண்டை அயலாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துப் பார்ப்போம். தீபாவளிக்கு மட்டுமன்றி, ஹரி ராயாவுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நம் கையாற் செய்த அட்டை ஒன்று அயலார் இல்லம் செல்லுமாயின், அது விலைக்கு வாங்கிய வாழ்த்தினும் நெருக்கமானதாக அமையும். அவர்களுள் எவரேனும் "இன்னொன்று செய்து தருவீர்களா?" என்று கேட்கும் நாளே நாம் விலை சொல்லத் தொடங்கும் நாள்.

இச்சிறு தொழில் வெட்டுக்கூலிக்கு ஈடாகிவிடாது. எனினும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்திற்கோ, ஒரு வாரக் காய்கறிக்கோ கைகொடுக்கக்கூடும். அடுத்த மழைக்கு முன்பே, வெயில் காயும் ஒரு பிற்பகலில் கீற்றுகளை வெட்டி டின்னில் சேர்த்து வைப்போமாக.