கண்டதையும் தின்னத் தூண்டும் செல்போன்: அதை வைத்தே ஆசையை அடக்கலாம்

இஷா தொழுது, இரவுச் சாப்பாட்டையும் முடித்தாயிற்று. படுக்கப் போகும் முன் செல்போனைக் கையில் எடுக்கிறோம். வீடியோவில் யாரோ பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்துச் சாப்பிடுகிறார். அடுத்த வீடியோவில் சீஸ் வழியும் பர்கர். அதற்குள் உணவு டெலிவரி செயலியிலிருந்து ஓர் அறிவிப்பு: இன்று இரவு மட்டும் தள்ளுபடி! வயிற்றில் பசியே இல்லை. ஆனாலும் விரல் ஆர்டர் பட்டனுக்குப் போய்விடுகிறது. இல்லையென்றால் அடுக்களையில் மிக்சர் டப்பா திறக்கிறது.

தின்று முடித்த பிறகு, ஏன் தின்றோம் என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். மறுநாள் இரவும் அதே கதைதான்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. சர்க்கரை மாத்திரை இல்லாத வீட்டை இன்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பசியா, ஆசையா?

பசி மெல்ல மெல்ல ஏறும். எதைக் கொடுத்தாலும் அடங்கும். ஆசை அப்படியல்ல. திடீரென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். சோறு வேண்டாம், அந்த சாக்லேட்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் அது பசியல்ல.

இந்த ஆசை எப்படி வளர்கிறது என்பதை உளவியலாளர்கள் டேவிட் கவானா, ஜாக்கி ஆன்ட்ரேட், ஜான் மே ஆகியோர் 2005இல் விளக்கினார்கள். முதலில் ஒரு நினைப்பு சும்மா வந்து போகிறது. நாம் அதைப் பிடித்துக்கொண்டு, அந்த உணவின் நிறம், மணம், சுவை எல்லாவற்றையும் மனதில் படமாக ஓட்டத் தொடங்கும்போதுதான் அது அடக்க முடியாத ஆசையாகிறது. செல்போனோ அந்தப் படத்தை நம் கண்முன்னே தயாராகக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

ஆனால் மனதில் ஒரே நேரத்தில் இரண்டு படங்கள் தெளிவாக ஓட இடமில்லை. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஆசை எழும் நேரத்தில் மாணவர்களை 3 நிமிடம் டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்கும் அந்தப் பழைய விளையாட்டுதான். 2015இல் வெளியான முடிவின்படி, 100க்கு 70 என்றிருந்த ஆசையின் வேகம் 56 ஆகக் குறைந்தது. ஆசை முழுதாக மறையவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குத் தணிந்தது.

இது நமக்குப் புதிதல்ல. நோன்பு நாளில் பகல் 3 மணிக்குச் சமோசா நினைப்பு வரத்தான் செய்கிறது. தின்ன வழியில்லை என்று தெரிந்து வேறு வேலையில் இறங்குகிறோம். அஸர் தொழுது முடிப்பதற்குள் அந்த நினைப்பு எங்கே போனதென்றே தெரிவதில்லை. தின்னாமலேயே ஆசை அடங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

செல்போனில் என்ன செய்யலாம்?

1. அறிவிப்புகளை நிறுத்துவோம். செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் உணவு டெலிவரி செயலிகளின் அறிவிப்பை அணைத்துவிடலாம். தூண்டுதலே வராவிட்டால் போராட வேண்டிய தேவையும் இல்லை.

2. வழியைக் கொஞ்சம் கடினமாக்குவோம். செயலியில் சேமித்து வைத்த கார்டு விவரத்தை நீக்கிவிடலாம். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் வழியாக அந்தச் செயலிக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம்.

3. 10 நிமிட டைமர் வைப்போம். தின்னவே கூடாது என்று தடை போடுவதைவிட, 10 நிமிடம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது எளிது. அந்த நேரத்தில் டெட்ரிஸ் போன்ற விளையாட்டு ஆடலாம், போனில் பேசலாம். உணவு வீடியோ மட்டும் வேண்டாம்.

4. முன்கூட்டியே திட்டத்தை எழுதி வைப்போம். ‘இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று முடிவு செய்தவர்கள் அதைக் கடைப்பிடிப்பது அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எடுத்துக்காட்டினார். ‘இரவு 10 மணிக்கு மேல் தின்னத் தோன்றினால், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு டைமர் வைப்பேன்’ என்று எழுதி, செல்போனின் முகப்பிலேயே வைக்கலாம்.

5. கைக்குப் பயிற்சி கொடுப்போம். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் நடாலியா லாரன்ஸ் குழுவினர் ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். திரையில் பழம் வந்தால் தொட வேண்டும், சிப்ஸோ பிஸ்கட்டோ வந்தால் தொடக் கூடாது. தலா 10 நிமிடம், 4 முறை இதைச் செய்தவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 220 கலோரி குறைவாகச் சாப்பிட்டதாக 2015இல் தெரிவித்தார்கள். பின்னர் ஃபுட் டிரெய்னர் என்ற பெயரில் இது இலவசச் செயலியாகவும் வந்தது.

கவனிக்க வேண்டியவை

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று கை நடுங்கி, வியர்த்து, படபடப்போடு பசித்தால் அது ஆசையல்ல. சர்க்கரை அளவு தாழ்ந்திருக்கலாம். டைமர் வைத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும்.

யாருக்கும் தெரியாமல் ஒளித்து அளவுக்கு மீறித் தின்பது, தின்றதை வாந்தி எடுப்பது போன்ற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், அது செயலியால் தீராது. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். குண்டாகிவிட்டாய் என்று பிள்ளைகளைக் கேலி செய்வதும் வேண்டாம். மனம் நோகும் பிள்ளை ஆறுதலுக்குத் தேடுவதும் பெரும்பாலும் தீனியைத்தான்.

சாப்பிடும் நேரத்தில் செல்போனே வேண்டாம். கவனம் திரையில் இருந்தால் கூடுதலாக உள்ளே போகிறது. எவ்வளவு சாப்பிட்டோம் என்பதும் நினைவில் நிற்பதில்லை. அதனால் அடுத்த வேளையும் அதிகமாகிறது. ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து, பேசிக்கொண்டே சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த அரை மணி நேரம் எல்லாருடைய போனும் அடுத்த அறையில் இருக்கட்டும்.

ஐந்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இன்றிரவு படுக்கும் முன் உணவுச் செயலிகளின் அறிவிப்பை மட்டும் அணைத்துவிடுவோம். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.