கீழ்வரிசைப் பல் நெருங்குவது ஏன்?



"சின்ன வயசில எண்ட மகள்ர பல்லு வரிசையாத்தான் இருந்திச்சி. 18 வயசில கீழ் முன்பல்லு ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிட்டு. ஞானப்பல்லு தள்ளுதாம். அதைப் புடுங்கினாச் சரி வருமா?"

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என நமது வாவிக்கரை ஊர்களில் உம்மாமார் கேட்கும் கேள்வி இது.

ஞானப்பல் மீது பழி போடாதீர்கள். ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் முன்பற்கள் நெருங்குவதுண்டு. பிரித்தானியாவில் இளவயதினர் சிலருக்கு ஞானப்பல்லை அகற்றியும், சிலருக்கு அகற்றாமலும் ஐந்து வருடங்களுக்கு மேல் கவனித்தார்கள். நெருக்கத்தைத் தடுப்பதற்கென்று அதைப் பிடுங்குவதில் நியாயமில்லை என்பதே 1998இல் வெளியான முடிவு. வலியோ சீழோ இருந்தால் அது வேறு விடயம்.

அப்படியானால் காரணம் என்ன?

முதலாவது, பரம்பரை. தாடை சிறிதாகவும் பற்கள் பெரிதாகவும் அமைந்தால் இடம் போதாது.

இரண்டாவது, வயது. வருடங்கள் செல்லச் செல்லக் கீழ்த்தாடையில் பல்வரிசையின் வளைவு சுருங்குகிறது. வரிசையான பற்களும் நெருங்கும். கம்பி போட்டுச் சீராக்கிய பற்களும் விலகலாம். அதனால்தான் பின்னரும் பல்லைத் தாங்கும் கருவியை அணியச் சொல்கிறார்கள்.

மூன்றாவது காரணம் நம் கையில் உள்ளது. "விழுகிற பாற்பல்தானே" என்று சூத்தையைக் கவனியாமல் விடுகிறோம். பாற்கடைவாய்ப் பற்கள் ஏறத்தாழ 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றின் பின்னால் 6 வயதளவில் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிறது. பாற்பல்லை முன்கூட்டியே இழந்தால் அந்தப் பல் முன்னே சாய்ந்து, வரவிருக்கும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே, சீனி கலந்த பாற்போத்தலோடு பிள்ளையை உறங்க விடாதீர்கள். இரவில் புளோரைட் பற்பசையால் நீங்களே பல் தீட்டி விடுங்கள். சூத்தை தெரிந்தால் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலோ அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலோ காட்டி அடைத்துவிடுங்கள். பிடுங்கத்தான் வேண்டுமென்றால், இடத்தைக் காக்கும் கம்பி தேவையா என்று கேளுங்கள்.

18 வயது மகளுக்கும் காலம் கடந்துவிடவில்லை. பெரியவர்களுக்கும் கம்பி போட்டுச் சீராக்கலாம். சிறிய நெருக்கம் நோயல்ல; ஆனால் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் காரை எளிதில் படியும். அங்கே கவனமாகத் துலக்கச் சொல்லுங்கள்.

மூத்தவளின் ஞானப்பல்லைப் பற்றிக் கவலைப்படும் உம்மாவே, இன்றிரவு இளையவனின் வாயைத் திறந்து அவனது பாற்பற்களைப் பாருங்கள்!