ஐக்கிய அமெரிக்கா எதிர் பாயில்

ஐக்கிய அமெரிக்கா எதிர் பாயில் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 1985 சனவரி 9 அன்று தீர்ப்பளித்த வரி வழக்கு ஆகும். இறந்தவரின் சொத்தை நிருவகிப்பவர், வரி அறிக்கையை உரிய நாளில் தாக்கல் செய்யும் பொறுப்பை வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டார் என்பதனால் மட்டும் காலதாமதத்துக்கான அபராதத்திலிருந்து விலக்குப் பெற முடியாது என்பது இத்தீர்ப்பின் சாரம்.

பின்னணி

ஒருவர் இறந்தபின் அவரது கடன்களையும் வரிகளையும் செலுத்தி, எஞ்சிய சொத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர் உயில் நிறைவேற்றாளர் எனப்படுகிறார். பெரும்பாலும் மகன், மகள், துணைவர் போன்ற நெருங்கிய உறவினரே இப்பணியை ஏற்கின்றனர். சட்டப் பயிற்சி இல்லாத இவர்கள் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்திக்கொள்வது வழக்கம்.

அமெரிக்கச் சட்டப்படி, எஸ்டேட் வரி (இறந்தவரின் சொத்து மீதான வரி) அறிக்கையை இறப்பு நாளிலிருந்து ஒன்பது மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால், செலுத்த வேண்டிய வரியில் மாதத்துக்கு 5 விழுக்காடு வீதம், அதிக அளவாக 25 விழுக்காடு வரை அபராதம் விதிக்கப்படும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தது, வேண்டுமென்றே புறக்கணிக்கவில்லை என்னும் இரண்டையும் மெய்ப்பித்தால் அபராதம் நீக்கப்படும்.

வழக்கின் விவரம்

ராபர்ட் பாயிலின் தாயார் 1978 செப்டம்பர் 14 அன்று காலமானார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்ற பாயில், ஒரு வழக்கறிஞரை அமர்த்தி எல்லா ஆவணங்களையும் அவரிடம் கொடுத்தார். வரி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்பதை வழக்கறிஞர் தெரிவித்தார். கடைசி நாள் எது என்பதைக் கூறவில்லை. 1979ஆம் ஆண்டின் வசந்தத்திலும் கோடையிலும் பாயிலும் அவர் மனைவியும் பலமுறை தொடர்புகொண்டு விசாரித்தனர். நேரம் வரும்போது அறிவிப்பதாகவும், உரிய காலத்துக்குள் தாக்கல் செய்யப்படும் என்றும் உறுதி கூறப்பட்டது.

கடைசி நாளான 1979 சூன் 14 கடந்துபோனது. அலுவலக நாட்காட்டியில் அந்நாளைக் குறிக்கத் தவறியதே காரணம். செப்டம்பர் 6 அன்று பாயில் தொலைபேசியில் கேட்டபோதுதான் கெடு முடிந்துவிட்டதை அறிந்தார். ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 13 அன்று, அறிக்கை தாக்கல் செய்யப்பட்டது. வரித்துறை 17,124.45 டாலர் அபராதமும் 1,326.56 டாலர் வட்டியும் விதித்தது. பாயில் அத்தொகையைச் செலுத்திவிட்டு, அதைத் திரும்பப் பெற வழக்குத் தொடுத்தார்.

மாவட்ட நீதிமன்றமும் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் பாயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. இத்தகைய வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு நிலவியதால், உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றது.

தீர்ப்பு

தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய ஒருமித்த தீர்ப்பு கீழ் நீதிமன்றங்களின் முடிவை மாற்றியது. தீர்ப்பு இரு நிலைகளை வேறுபடுத்துகிறது:

* சட்ட ஆலோசனை: ஒரு வரி பொருந்துமா, அறிக்கை தேவையா என்பன போன்ற சட்டக் கேள்விகளில் வல்லுநரின் சொல்லை நம்புவது நியாயமானது. வல்லுநரை நாடுவதன் நோக்கமே அதுதான்.
* கெடுநாள்: வரி அறிக்கைகளுக்குக் கடைசி நாள் உண்டு என்பதை அறியவோ, அந்நாளைக் கடைப்பிடிக்கவோ சிறப்புப் பயிற்சி தேவையில்லை. சட்டம் இக்கடமையை நிறைவேற்றாளர் மீதே சுமத்தியுள்ளது. முகவரின் தவறு அவரை விடுவிக்காது.

வழக்கறிஞர் கெடுநாளைத் தவறாகக் கூறியிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை கூறவில்லை. நீதிபதி வில்லியம் பிரென்னன் தனது தனிக் குறிப்பில், நோய் முதலியவற்றால் செயலாற்ற இயலாதவர்களுக்கு இவ்விதி கடுமையாகப் பொருந்தாது என வலியுறுத்தினார்.

பாயில் அக்கறையற்றவர் அல்லர். தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருந்தவர். ஆனால் அவர் வேலையின் நிலையைக் கேட்டாரே தவிர, கெடுநாளைத் தாமே அறிந்து உறுதிசெய்துகொள்ளவில்லை. இவ்வழக்கின் கடுமையும் தெளிவும் இங்குதான் உள்ளன.

நிறைவேற்றாளரின் பொறுப்புகள்

அமெரிக்காவில் நிறைவேற்றாளர் கவனிக்க வேண்டிய முதன்மையான கூட்டாட்சி வரி அறிக்கைகள்:

* இறந்தவரின் இறுதி வருமான வரி அறிக்கை: பொதுவாக, இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் ஏப்ரல் 15க்குள். முந்தைய ஆண்டுகளில் இறந்தவர் தாக்கல் செய்யாமல் விட்டவையும் நிறைவேற்றாளரின் பொறுப்பே.
* சொத்து ஈட்டிய வருமானத்துக்கான அறிக்கை: மொத்த வருமானம் 600 டாலர் அல்லது அதற்கு மேல் இருந்தால்.
* எஸ்டேட் வரி அறிக்கை: சொத்து மதிப்பு விலக்கு வரம்பைத் தாண்டினால். 2026ஆம் ஆண்டுக்கான வரம்பு 1.5 கோடி டாலர். கெடுநாளுக்கு முன் விண்ணப்பித்தால் தாக்கலுக்கு ஆறு மாத நீட்டிப்பு கிடைக்கும். இது வரி செலுத்தும் நாளைத் தள்ளிவைக்காது.

தாமத அபராதம் பொதுவாக இறந்தவரின் சொத்திலிருந்தே செலுத்தப்படுகிறது. ஆகவே வாரிசுகளின் பங்கு குறைகிறது. அவ்விழப்பை ஈடுசெய்யுமாறு வாரிசுகள் நிறைவேற்றாளர் மீது வழக்குத் தொடுக்கக்கூடும். மேலும், அரசுக்குரிய வரி நிலுவையில் இருப்பதை அறிந்தும் சொத்தைப் பகிர்ந்தளித்து, வரிக்குப் போதிய பணம் இல்லாமல் செய்தால், அவ்வாறு பகிர்ந்த தொகை வரை அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்த நேரிடலாம்.

பிற்காலத் தாக்கம்

இத்தீர்ப்பு எஸ்டேட் வரிக்கு அப்பால் வருமான வரி வழக்குகளிலும் பின்பற்றப்படுகிறது. 2023ஆம் ஆண்டில், லீ எதிர் ஐக்கிய அமெரிக்கா வழக்கில், கணக்காளர் மின்னணு முறையில் தாக்கல் செய்யத் தவறிய போதும் இவ்விதியே பொருந்தும் எனப் பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றையும் பார்க்க

* உயில்
* எஸ்டேட் வரி
* வருமான வரி