ஓலை முதல் ஒளியிழை வரை: வளரும் வணிகத்தின் செய்தித் தொடர்பு

தமிழில் தூது என்பது தனியொரு சிற்றிலக்கிய வகையாகும். அன்னத்தையும் கிளியையும் முகிலையும் நெஞ்சையும், தமிழையே கூடத் தூது விடுத்துப் பாடினர் நம் புலவர். திருவள்ளுவரும் பொருட்பாலில் ‘தூது’ என ஓர் அதிகாரம் வகுத்துத் தூதுவனின் தகுதிகளை எடுத்துரைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் மாறாமலும் காலம் தாழாமலும் சேர்ப்பிப்பதே தூதின் பயன். அரசாட்சிக்குத் தூதுவன் எத்துணை இன்றியமையாதவனோ, வணிகத்துக்குச் செய்தித் தொடர்பும் அத்துணை இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற நம் பாலாற்றங்கரை ஊர்களுள் ஒன்றில் ஓர் ஏற்றுமதி நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். ஐந்து பேருடன் தொடங்கிய அது இன்று ஐம்பது பேராக வளர்ந்துள்ளது. ஜெர்மனியிலுள்ள காலணி உற்பத்தியாளர் ஒருவர் 1.0 மில்லிமீட்டர் கனத்தில் தோல் கேட்டிருந்தார். பின்னர், 1.2 மில்லிமீட்டராக மாற்றுமாறு, நிறுவன எழுத்தரின் சொந்தக் கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பில் குரற்செய்தி அனுப்பினார். எழுத்தரோ அன்று விடுப்பில் இருந்தார். தொழிற்கூடத்தில் தோல் முழுவதும் 1.0 மில்லிமீட்டருக்குச் சீவப்பட்டுவிட்டது. சீவிய தோலின் கனத்தைத் திரும்பக் கூட்ட எவ்வழியும் இல்லை. நிறுவனத்தில் கணினி இருந்தது, இணையம் இருந்தது, ஆள்தோறும் கைப்பேசியும் இருந்தது. ஆயினும் தூது சேரவில்லை.

கருவி வாங்குவது வேறு. செய்தித் தொடர்பு அமைப்பது வேறு. இவ்வேறுபாட்டை விளக்கி, வளரும் நிறுவனம் ஒன்று தன் இணைய இணைப்பையும் தொடர்புக் கருவிகளையும் எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் கண்ட மூன்று நெறிகள்

எகிப்தின் பழைய கெய்ரோவில் உள்ள யூதத் தொழுகை இல்லம் ஒன்றில், நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைக்கப்பட்ட கடிதங்களும் ஆவணங்களும் பெருந்தொகையாகக் கிடைத்தன. ‘கெனிஸா’ ஆவணங்கள் என்று அறிஞர் இவற்றை அழைப்பர். அவற்றுள் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் எகிப்து, ஏடன், மலபார்க் கரை ஆகியவற்றிடையே வணிகர் எழுதிய கடிதங்களும் உள்ளன. ஆய்வறிஞர் கோய்டைன் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். யூதரும் முஸ்லிம்களும் இந்திய வணிகரும் ஒருவரோடொருவர் கொண்டிருந்த தொழில் உறவை இக்கடிதங்களில் காணலாம். அவ்வணிகர் முக்கியமான கடிதத்தின் படிகளை வெவ்வேறு கப்பல்களில் அனுப்பும் வழக்கமுடையவராக இருந்தனர். ஒரு கப்பல் கவிழ்ந்தாலும் மற்றொன்று கரைசேரும் அன்றோ? ஒரே வழியை நம்பியிராமை முதல் நெறியாகும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகும். தவணையிட்ட கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிய வேண்டும், எழுதுவோர் நேர்மையோடு எழுத வேண்டும், சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்புறலாகாது என்னும் கருத்துகள் அவ்வசனத்தில் அமைந்துள்ளன. எழுதி வைத்தல் இரண்டாம் நெறியாகும்.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், தீயவர் ஒருவர் செய்தி கொண்டுவருவாராயின் அதனைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு பணிக்கிறது. தீர விசாரித்தல் மூன்றாம் நெறியாகும். இன்றைய மின்னணுத் தொடர்புக்கும் இம்மூன்று நெறிகளே அடிப்படையாவதைக் கீழே காண்போம்.

தந்தி முதல் இணையம் வரை

1882இல் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. 1960இல் இலக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, இயக்குநரின் உதவியின்றி நேரே எண்ணைச் சுழற்றி வெளியூர் பேசும் முறை இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கிற்று. தந்தியும், பின்னர் டெலக்ஸும், அதன்பின் ஃபேக்ஸும் ஏற்றுமதியாளர்க்குத் துணைநின்றன. 1995 ஆகஸ்ட் 15இல் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நம் நாட்டில் முடிவுற்றது.

கருவிகள் இவ்வாறு மாறினும் பழைய அலுவலகத்தின் நல்ல பழக்கங்கள் சில புதிய கருவிகளிலும் வாழ்கின்றன. மின்னஞ்சலில் பிறருக்கும் படி அனுப்பும் இடத்தில் ‘சிசி’ என்று இரண்டெழுத்துகள் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். தட்டச்சுப் பொறியில் கரித்தாள் வைத்து எடுத்த ‘கார்பன் காப்பி’ என்பதன் சுருக்கமே அது.

இணைப்பு: வேகம் மட்டுமன்று

இணைய இணைப்பு வாங்குவோர் முதலில் கேட்பது வேகமே. ‘நொடிக்கு 100 மெகாபிட்’ என விளம்பரங்கள் கூறும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் வேகத்தில் நொடிக்குக் கூடியது 12.5 மெகாபைட்டே வந்துசேரும். 250 மெகாபைட் அளவுள்ள படத் தொகுப்பு ஒன்றை இறக்கிக்கொள்ளக் குறைந்தது 20 நொடி ஆகும்.

இறக்கும் வேகம் வேறு, ஏற்றும் வேகம் வேறு என்பதையும் உணர வேண்டும். வீட்டில் படம் பார்ப்போருக்கு இறக்கும் வேகம் போதும். நிறுவனமோ தன் பொருள்களின் படங்களையும் வரைபடங்களையும் வெளியே அனுப்புவது. ஏற்றும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் மட்டுமாயின், மேற்சொன்ன தொகுப்பை அனுப்ப 200 நொடி, அதாவது மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆதலின் இரு வேகங்களையும் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும்.

பேச்சுக்கோ மிகுந்த வேகம் தேவையில்லை. இணையவழித் தொலைபேசி உரையாடல் ஒன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட் அளவே ஆகும். அங்ஙனமிருந்தும் குரல் விட்டுவிட்டு ஒலிப்பது ஏன்? பேச்சு சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டுச் செல்கிறது. அப்பொதிகள் சீரான இடைவெளியில் வந்தால்தான் குரல் தெளிவாகும். அலுவலகத்தில் ஒருவர் பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கையில் பேச்சுப் பொதிகள் பின்தங்குகின்றன. பேச்சுக்கு முன்னுரிமை தருமாறு ரூட்டரை அமைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். அதிக வேகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதனைச் செய்து பார்த்தல் நலம்.

சாதாரண அகலக்கற்றை இணைப்பு, தெருவிலுள்ள பலர் பகிர்ந்துகொள்ளும் குழாய்நீர் போன்றது. ‘லீஸ்டு லைன்’ எனப்படுவது தமக்கென அமைத்துக்கொள்ளும் தனிக் குழாய் போன்றது. அதில் ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் சமமாக இருக்கும். பழுது நேர்ந்தால் இத்தனை மணி நேரத்துக்குள் சீர்செய்வோம் என்னும் எழுத்து மூலமான உறுதியும் கிடைக்கும். செலவோ பன்மடங்கு. ஐந்து பேர் பணிபுரியும் அலுவலகத்துக்கு ஒளியிழை அகலக்கற்றையே போதும். இணைப்பு அற்றால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இழப்பு நேரும் எனக் கணக்கிட்டு, அவ்விழப்பு பெரிதாகும்போது தனி இணைப்பை நாடுவதே முறை.

இரண்டு கப்பல்கள்

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடிக் கம்பிவடங்கள் இரண்டு சேதமுற்றன. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் இணையம் தளர்ந்தது. கீழ்த்திசைக் கடல்வழியாகவும் இணைப்பு வைத்திருந்த சேவையாளர் அவ்வழியே செய்திகளைத் திருப்பி அனுப்பிச் சமாளித்தனர். கெனிஸா வணிகரின் நெறி இங்கும் பயன்பட்டமை காண்க.

நம்மூர் நிறுவனத்துக்கு ஆபத்து பெரும்பாலும் கடலடியில் வருவதில்லை. சாலைப் பணியில் மண் தோண்டும் எந்திரமும், காற்றில் சாயும் மரமும், மின்தடையுமே இங்குப் பகைவர். ஆகவே வேறுவேறு சேவையாளரிடம் இரண்டு இணைப்புகள் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கம்பிவடங்களும் ஒரே கம்பத்தில் தொங்குமாயின் இரண்டும் ஒன்றாகவே அறுபடும். ஒன்று கம்பிவழியும் மற்றொன்று கைப்பேசிக் கோபுரத்தின் வழியும் அமைவது சிறு நிறுவனத்துக்கு ஏற்ற எளிய ஏற்பாடாகும். கணினிக்கு மின்காப்பு வைத்தோர் பலர் ரூட்டருக்கும் ஒளியிழை முனைப்பெட்டிக்கும் வைக்க மறந்துவிடுகின்றனர். மின்சாரம் நின்றவுடன் கணினி எரிய, இணையம் அணைகிறது.

இணைப்பு இன்று வசதி மட்டுமன்று. சட்டத் தேவையும் ஆகிவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைக் கடந்த நிறுவனங்கள், பிற நிறுவனங்களுக்கு வழங்கும் விலைப்பட்டியலை அரசின் இணையத்தளத்தில் பதிய வேண்டும் என்னும் விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் பதிவாகாவிடில் சரக்கு வண்டி வாயிலைத் தாண்ட இயலாது.

எழுத்தில் நிற்கும் செய்தி

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் வலையமைப்பில் நேர்ந்த தவறான மாற்றத்தால், ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. வாடிக்கையாளரின் எண்களையும் ஒப்பந்தங்களையும் அதில் மட்டுமே வைத்திருந்த வணிகரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் விரைவுக்கு நல்லது. அதனை விலக்க வேண்டுவதில்லை. ஆனால் அலுவலுக்கெனத் தனி எண் இருத்தல் வேண்டும். அது நிறுவனத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். பணியாளரின் சொந்தக் கைப்பேசியில் வாடிக்கையாளரின் கடிதப் போக்குவரத்து முழுவதும் தங்குமாயின், அவர் வேலையை விட்டு விலகும் நாளில் நிறுவனத்தின் நினைவும் அவரோடு வெளியேறும்.

நிறுவனத்தின் பெயரிலேயே இணையப் பெயர் ஒன்றைப் பதிந்து, அதில் மின்னஞ்சல் முகவரிகள் அமைத்துக்கொள்ள வேண்டும். விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று எனப் பொது முகவரிகள் இருந்தால் ஒருவர் விடுப்பில் சென்றாலும் மற்றவர் காண்பார். விலை, அளவு, கனம், நிறம், நாள் ஆகிய ஐந்தும் எவ்வழியில் பேசப்பட்டாலும், அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதி பெற வேண்டும். ‘தாங்கள் இன்று தொலைபேசியில் கூறியவாறு கனத்தை 1.2 மில்லிமீட்டராக மாற்றியுள்ளோம்’ என்னும் ஒற்றை வரி, நாம் மேலே கண்ட நிறுவனத்தைக் காத்திருக்கும்.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பளித்துள்ளது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டமோ கணக்கேடுகளை, அவ்வாண்டுக்குரிய ஆண்டறிக்கை அளிக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பேணுமாறு பணிக்கிறது. எனவே மின்னஞ்சல்களையும் கணக்குகளையும் வேறோர் இடத்திலும் படியெடுத்து வைத்தல் வேண்டும். அப்படியைத் திறந்து பார்த்து, படிக்க முடிகிறதா என இடையிடையே சோதித்தலும் வேண்டும். நம் மூத்த வணிகர் நாட்குறிப்பிலிருந்து பேரேட்டில் ஏற்றி, மாலையில் சரிபார்த்த பின்னரே கடையடைத்தனர். அப்பழக்கத்தின் மறுவடிவமே இது.

தீர விசாரித்தல்

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இனிப் பணத்தை இப்புதிய கணக்குக்கு அனுப்புக’ என வாடிக்கையான நிறுவனத்திடமிருந்து வருவது போன்று ஒரு மின்னஞ்சல் வரும். பெயர் அதே, கையொப்பம் அதே, பட்டியல் எண்ணும் சரியாக இருக்கும். திருடர் முன்பே கடவுச்சொல்லைக் கவர்ந்து, கடிதங்களை நெடுநாள் படித்துக் காத்திருந்திருப்பர். சில வேளைகளில் முகவரியில் ஆங்கில ‘எம்’ எழுத்துக்கு மாறாக ‘ஆர்’, ‘என்’ ஆகிய இரண்டையும் நெருக்கி எழுதியிருப்பர். கண் ஏமாறும். பல ஆண்டு உழைப்பு ஒரே பிற்பகலில் வேற்று நாட்டுக் கணக்குக்குப் போய்விடும்.

இதற்கு மருந்து எளியது. கணக்கு மாற்றம் பற்றிய செய்தி எவ்வழியில் வந்தாலும், நம்மிடம் முன்பே உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து, தெரிந்த குரலிடம் கேட்டறிந்த பின்னரே பணம் அனுப்ப வேண்டும். அம்மின்னஞ்சலிலேயே தந்துள்ள எண்ணை அழைத்தல் கூடாது. அதை எடுப்பவரும் திருடரே. மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பும் அமைக்க வேண்டும். பெருந்தொகையை இருவர் ஒப்புதலின்றி அனுப்பலாகாது. ஏமாற்றப்பட்டதை உணர்ந்தவுடன் வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். வெட்கத்தால் ஒரு நாள் தாழ்த்துவோர் பணத்தை மீட்கும் வாய்ப்பை இழப்பர்.

நிறைவாக

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையர், தாயார், உறவினர் நடத்தும் கடைக்கோ தொழிற்கூடத்துக்கோ ஒரு விடுமுறை நாளில் சென்று அமருங்கள். இணைப்பு அற்றால் மாற்றுவழி உண்டா, பேசியது எழுத்தில் உள்ளதா, எழுதியதற்குப் படி உண்டா, கணக்கு மாற்றத்தைச் சரிபார்க்கும் வழக்கம் உண்டா என்னும் நான்கு வினாக்களைக் கேளுங்கள். நீங்கள் கற்ற கல்வி அங்கே உடனே பயன்படும்.

பெரியோர்களுக்கும் ஒன்று கூற விழைகிறோம். இவை இளைஞர் கருவிகள், நமக்கு விளங்கா என ஒதுங்கிவிட வேண்டா. கருவியை இயக்க இளைஞர் அறிவர்; எதை எழுத வேண்டும், யாரை நம்ப வேண்டும், எப்போது ஐயுற வேண்டும் என்பதைத் தாங்களே அறிவீர்கள். இரண்டும் ஓரிடத்தில் கூடினால்தான் தூது சேரும்.

பிறர் பொருளும் பிறர் சொல்லும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். கப்பலில் வந்த கடிதமாயினும் ஒளியிழையில் வந்த மின்னஞ்சலாயினும் அவ்வமானிதத்தைப் பேணுவதே வணிகரின் கடமை. அதனைப் பேணி வளரும் நிறுவனங்கள் நம்மிடையே பெருக, எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.