ஊர் கூடும் அவை

ஏரி நிறைந்தால் ஊர் செழிக்கும். கரை உடைந்தால் ஊர் அழியும். அக்கரையைச் செப்பனிட எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவாயிற்று, பணி முற்றுப்பெற்றதா என்பன அவ்வூரார் அனைவரும் அறிய வேண்டியவை அல்லவா? நான்கு பேர் மூடிய அறைக்குள் அமர்ந்து முடிவு செய்தால், பிழை நேர்ந்தபோது அதனைக் கண்டு சொல்வார் யார்? ஆதலின், ஊர்ப் பொதுக் காரியம் ஊர் கூடிய இடத்தில் நடைபெற வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட முறை.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவற்றுள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இரண்டு, ஊர்ச் சபைக்குரிய வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபையார் எல்லாரும் காணும்படி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். இதனையே குடவோலை முறை என்கிறோம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் மீண்டும் அப்பொறுப்பினைப் பெற இயலாது. கணக்குக் காட்டாமை எத்துணைப் பெரிய குற்றமாகக் கருதப்பட்டது, பாருங்கள்!

எனினும், அச்சபை அந்தணர் ஊர் ஒன்றின் சபை. நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவரே அதில் பங்கு பெற்றனர். உழுத குடிமக்களுக்கும் மகளிர்க்கும் அங்கு இடமில்லை. இன்றைய கிராம சபையோ அதனினும் விரிந்தது. 1992 ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 73 ஆவது திருத்தம் கிராம சபைக்குச் சட்ட நிலை அளித்தது. அதனைத் தொடர்ந்து 1994 ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆவார். செல்வர், வறியர் என்ற வேறுபாடும், ஆண், பெண் என்ற வேறுபாடும் அங்கு இல்லை. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை இச்சபை கூடுதல் வேண்டும் என 2022 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

ஆயினும், சட்டம் இருப்பது மட்டும் போதுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சில ஊர்களில் கூட்டம் பெயரளவில் நடைபெறுகிறது. உறுப்பினர் எண்ணிக்கையை நிறைவு செய்வதற்காக மக்கள் அழைக்கப்படுகின்றனர். பதிவேட்டில் கையொப்பமிட்டவுடன் கலைந்து செல்கின்றனர். தீர்மானங்கள் விரைந்து படிக்கப்படுகின்றன, வினவுவார் இல்லை. இக்குறையை நீக்கும் வழிகள் யாவை?

முதலாவது, முன்னறிவிப்பு. கூட்டம் எங்கே, எப்போது, எப்பொருள் பற்றி நடைபெறும் என்பது சில நாட்களுக்கு முன்பே அறிவிப்புப் பலகை மூலமாக எல்லாத் தெருக்களுக்கும் எட்ட வேண்டும். பொருள் இன்னதென்று அறிந்து வருபவனே பயனுள்ள கேள்வி கேட்பான்.

இரண்டாவது, இடம். எல்லாரும் தயக்கமின்றி வந்து அமரக்கூடிய பொது இடத்திலேயே சபை கூட வேண்டும். ஒரு சாராரின் தெருவிலேயே என்றும் கூடினால் மற்றவர் வாய் திறக்க அஞ்சுவர். ஊராட்சிக்கு உட்பட்ட சிற்றூர்களில் முறைவைத்துக் கூடுதல் நன்று. பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் மகளிரை முன்னே அமரச் செய்து, அவர்கள் கருத்தைக் கேட்பது தலைவரின் கடமை.

மூன்றாவது, கணக்கு. வரவு செலவுகளை மொத்தத் தொகையாகக் கூறுவதால் பயனில்லை. எந்தத் தெருவில் எந்த வேலை, அதற்கு எத்தனை மூட்டைச் சிமிட்டி, யார் யாருக்கு எவ்வளவு கூலி என்று விளங்கச் சொல்லுதல் வேண்டும். இதன் பயனை இராசத்தான் மாநிலம் நமக்குக் காட்டியது. அங்கே உழைப்பாளரும் உழவரும் ஒன்றுகூடிய ஒரு சங்கம், 1994 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் பொது விசாரணைக் கூட்டம் ஒன்றைக் கூட்டியது. அங்கும், அதனைத் தொடர்ந்து பிற ஊர்களிலும் நடந்த கூட்டங்களில், அரசு அலுவலகத்தில் இருந்த கூலிப் பட்டியல்களும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டன. வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், முடியாத வேலை முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்ததும் வெளியாயின. எழுத்தறியாத ஏழைகளும், "இது பொய்" என எழுந்து கூறினர். அங்கே தோன்றிய கிளர்ச்சி நாடெங்கும் பரவி, 2005 ஆம் ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறப்பதற்குத் துணைநின்றது.

நான்காவது, தொடர்ச்சி. தீர்மானத்தை எழுதி, அனைவரும் கேட்கப் படித்த பின்னரே கையொப்பம் பெறுதல் வேண்டும். அடுத்த கூட்டம் தொடங்கும்போது, சென்ற கூட்டத்தின் தீர்மானங்களுள் எவை நிறைவேறின, எவை நின்றன, ஏன் நின்றன என்பதைத் தலைவர் முதலில் கூறவேண்டும். சொன்னது நடந்ததா என்று கேட்கப்படும் என அறிந்தவர், நடக்கக்கூடியதையே சொல்வர்.

தலைவர்க்கு மட்டுமன்றி மக்களுக்கும் கடமை உண்டு. தம் வீட்டுக் குழாயைப் பற்றியே பேசாமல் ஊர்க் கிணற்றைப் பற்றியும் பேசவேண்டும். மாறுபட்ட கருத்தைப் பொறுமையுடன் கேட்கவேண்டும். குறை கூறுவோர் சான்றுடன் கூறவேண்டும். கேள்வி கேட்பவரைப் பகைவராக எண்ணுதல் தலைவர்க்கு அழகன்று. அவர் ஊர்ப் பொருளைக் காக்கத் துணை செய்பவரே ஆவார்.

மாணவர்களே! பதினெட்டு வயது நிறைந்து உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறும் நாளில் நீங்களும் சபை உறுப்பினர் ஆவீர்கள். அதுவரை, அறிவிப்புப் பலகையில் உள்ளதை எழுத்தறியாத பாட்டிக்குப் படித்துக் காட்டலாம். பெற்றோரைக் கூட்டத்திற்குச் செல்லுமாறு தூண்டலாம். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நிலை சேரும். வடம் பிடிக்க வேண்டிய கைகள் ஒதுங்கி நின்றால், தேர் தெரு நடுவே நின்றுவிடும் அன்றோ?