‘ஆப்ஷன்’னா என்ன அர்த்தம்? சாய்ஸ் உண்மையிலேயே யார் கையில இருக்கு?

சம்பளம் கிரெடிட் ஆனதும், “ஆப்ஷன்ல கொஞ்சம் போட்டுப் பாரேன்”னு சொல்ற ஒரு நண்பர் எல்லா ஆபீஸ்லயும் இருப்பார். பணம் போடுறதுக்கு முன்னாடி, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு பார்த்துடலாமா?

லத்தீன் மொழியில ‘ஆப்டாரே’ன்னா விரும்புவது, தேர்ந்தெடுப்பது. அதிலிருந்து வந்த ‘ஆப்டியோ’தான் பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துல ‘ஆப்ஷன்’ ஆச்சு. தத்தெடுப்பதைச் சொல்ற ‘அடாப்ட்’டுக்கும் இதே வேர்தான். ஆக, ஆப்ஷன்னா நம்ம இஷ்டம். கட்டாயம் இல்லை.

இந்த வியாபாரமும் ரொம்பப் பழசு. கிரேக்க அறிஞர் தேலீஸ், ஆலிவ் விளைச்சல் அமோகமா இருக்கும்னு முன்கூட்டியே கணிச்சு, ஊர்ல இருந்த ஆலிவ் செக்குகளுக்கெல்லாம் சின்னதா முன்பணம் கொடுத்து வெச்சார். அறுவடை நேரத்துல எல்லாரும் செக்கு தேடி அலைய, அவர் சொன்னதுதான் வாடகை. இதை எழுதி வெச்சவர் அரிஸ்டாட்டில்.

இப்போ நம்ம கணக்கு. ஒரு பங்கு 1,000 ரூபாய். மாசக் கடைசியில அதை 1,050-க்கு வாங்குற உரிமைக்கு 20 ரூபாய் பிரீமியம். ஒரு லாட் 500 பங்குன்னு வெச்சுக்கோங்க. விலை 1,050-ஐத் தாண்டலையா? வாங்கினவர் விட்டுடலாம்; அவருக்குப் போறது 10,000 ரூபாய் மட்டும். ஆனா விலை 1,200 ஆச்சுன்னா, வித்தவருக்கு பிரீமியம் போக 65,000 ரூபாய் நஷ்டம். “எனக்கு வேண்டாம்”னு அவர் ஒதுங்க முடியாது.

கவனிச்சீங்களா? சாய்ஸ் வாங்கினவருக்கு மட்டும்தான். அதுக்கும் காசு கட்டணும், கெடு தேதியும் உண்டு. ஒவ்வொரு தடவையும் கணிப்பு தப்பினா பிரீமியம் போயே போச்சு. “மாசாமாசம் வருமானம்”னு ஆப்ஷன் விக்கிறவரோ, தன்னோட சாய்ஸையே வித்துட்டார்.

செபி ஆய்வுப்படி, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் இறங்கின தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல!

அதனால அடுத்த தடவை அந்த நண்பர் கூப்பிட்டா ரெண்டே கேள்வி கேளுங்க: இதுல சாய்ஸ் யார் கையில? தப்பினா என் சம்பளத்துல எத்தனை மாசம் போகும்? பதில் தெளிவா வரலைன்னா, “வேண்டாம்”னு சொல்லிடுங்க. அந்த ஆப்ஷனுக்கு பிரீமியமே கிடையாது.