விருந்துக்கு வீட்டிலேயே பப்ஸ்

மாலையில் நாலு பேர் வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் நம்மில் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது பஜ்ஜியும் போண்டாவும்தான். சுடச்சுடப் போட்டால் ருசிதான், யார் இல்லை என்றது? ஆனால் வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, வீட்டுக்காரி மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். "நீயும் வந்து உட்காரேம்மா" என்பார்கள். "இதோ, இந்த ஈடு ஆனதும் வந்துடறேன்" என்று பதில் போகும். கடைசி ஈட்டை எடுத்து நிமிரும்போது வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்!

இந்தத் தொல்லையே வேண்டாமென்று பேக்கரியிலிருந்து பப்ஸ் வாங்கி வைத்துவிடுகிறவர்களும் உண்டு. குழந்தைகளுக்கும் குஷி. ஆனால் அந்தப் பப்ஸில் என்ன கொழுப்பு இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா? எங்கள் வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை, என் வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால். விருந்து என்றால் அவர்களும்தானே கூட உட்காருகிறார்கள்? அதனால்தான் பப்ஸை வீட்டிலேயே, நல்ல வெண்ணெயில், சின்னச் சின்னதாகச் செய்யலாம் என்கிறேன். மலைக்க வேண்டாம் சகோதரிகளே! சப்பாத்தி இடத் தெரிந்த கைக்கு இது வரும். வேண்டியது குளிர்ச்சியும் கொஞ்சம் பொறுமையும்தான்.

கொழுப்பிலும் வித்தியாசம் உண்டு

பப்ஸ் பொறபொறவென்று அடுக்கடுக்காகப் பிரிய வேண்டுமானால் கொழுப்பு தாராளமாகச் சேர்த்தாக வேண்டும். வெண்ணெய் விலை அதிகம். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இளகியும் விடும். ஆகவே பல இடங்களில் மார்ஜரின், வனஸ்பதி போன்றவற்றை உபயோகிக்கிறார்கள். பப்ஸ் தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒட்டுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? வாயின் சூட்டில்கூட முழுவதும் உருகாத கொழுப்பு அது.

எண்ணெயோடு ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்து அதை இறுக வைக்கிறார்கள். அரைகுறையாக இப்படிச் செய்யும்போது 'டிரான்ஸ் கொழுப்பு' உண்டாகிறது. இது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதோடு நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் செய்கிறது. இருதயத்துக்கு இரட்டைக் கெடுதல். 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வைத்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் பப்ஸில் லேபிள் ஏது, நாம் படித்துப் பார்க்க? எல்லா பேக்கரிக்காரர்களையும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்ல வெண்ணெயில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் கையால் செய்தால் சந்தேகமே இல்லை, அவ்வளவுதான்.

அதற்காக வெண்ணெயை இஷ்டப்படி சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. அதிலும் அளவோடு உண்ண வேண்டிய நிறைகொழுப்பு இருக்கிறது. ஆகவே பப்ஸ் சின்னதாகவும், எண்ணிக்கை அளவாகவும் இருக்கட்டும்.

அடுக்கு எப்படி எழும்புகிறது?

இதில் ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது. மாவுக்குள் வெண்ணெயை வைத்து மூன்றாக மடித்து இடுகிறோம். முதல் மடிப்பில் வெண்ணெய் 3 அடுக்கு. அடுத்து 9, பிறகு 27, 81. ஐந்தாவது மடிப்பில் 243 அடுக்கு! நல்ல சூட்டில் வைத்ததும் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் மேலே தள்ளுகிறது. வெண்ணெய் முன்பே உருகி மாவோடு கலந்துவிட்டால் தள்ளுவதற்கு அடுக்கே இராது. குளிர்ச்சி முக்கியம் என்று சொல்வது இதற்குத்தான்.

மேல் மாவுக்குத் தேவையானவை (32 சிறு பப்ஸுக்கு)

மைதா - 250 கிராம்
வெண்ணெய் - 200 கிராம் (100 கிராம் பாக்கெட் இரண்டு)
ஐஸ் தண்ணீர் - சுமார் 125 மில்லி
எலுமிச்சைச் சாறு - 1 டீஸ்பூன்
உப்பு - அரை டீஸ்பூன் (உப்பு சேர்த்த வெண்ணெயானால் கால் டீஸ்பூன் போதும்)
மேலே தடவப் பால் - 2 டேபிள்ஸ்பூன்

மசாலாவுக்கு

சிறிய உருளைக்கிழங்கு 2, சிறிய காரட் 1, பீன்ஸ் 5, பச்சைப் பட்டாணி 2 டேபிள்ஸ்பூன், பெரிய வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, இஞ்சி ஒரு துண்டு, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, கரம் மசாலாத்தூள் அரை டீஸ்பூன், கொத்துமல்லித் தழை கொஞ்சம், எண்ணெய் 2 டீஸ்பூன், உப்பு தேவைக்கு.

கிழங்கை வேக வைத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் வெங்காயம், மிளகாய், இஞ்சி வதக்கி, பொடியாக நறுக்கிய காய்களைப் போட்டு மூடி வேக விடுங்கள். கிழங்கு, தூள்கள், உப்பு சேர்த்து ஈரம் சுண்டும்வரை கிளறி இறக்குங்கள். மசாலா வறட்டென்று இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அடி மாவு நமுத்துவிடும். நன்றாக ஆறிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் வெண்ணெய் இளகிவிடும்.

செய்முறை

காலை ஏழு மணிக்குள், வெயில் ஏறுமுன் ஆரம்பித்துவிடுங்கள். ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் ஐஸ் கட்டிகளைப் போட்டு சமையல் மேடைமேல் பத்து நிமிடம் வைத்தால் கல் ஜில்லென்றாகும். ஈரத்தைத் துடைத்துவிட்டு அதன்மேல் இடலாம்.

1. மைதாவில் உப்பும் 25 கிராம் வெண்ணெயும் சேர்த்து விரல் நுனியால் பிசிறுங்கள். எலுமிச்சைச் சாற்றை ஐஸ் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடச் சற்றே கெட்டியாகப் பிசையுங்கள். அடித்துப் பிசைய வேண்டாம். ஒன்று சேர்ந்தால் போதும். மூடி அரை மணி ஃப்ரிஜ்ஜில் வையுங்கள்.

2. மீதி 175 கிராம் வெண்ணெயை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்துத் தட்டி, 6 அங்குலச் சதுரமாக்கி, அதையும் ஃப்ரிஜ்ஜில் வையுங்கள். எடுத்து வளைத்துப் பார்த்தால் ஒடியவும் கூடாது, கையில் ஒட்டவும் கூடாது. ஒடிந்தால் ஐந்து நிமிடம் வெளியில் இருக்கட்டும்.

3. மாவை 9 அங்குலச் சதுரமாக இட்டு, வெண்ணெயைக் குறுக்காக (டைமண்ட் மாதிரி) நடுவில் வைத்து, நாலு முனைகளையும் கவர் மடிப்பது போல மடித்து ஒட்டுங்கள்.

4. மைதா தூவி, 6 அங்குல அகலம், 18 அங்குல நீளத்துக்கு மெதுவாக இடுங்கள். கடிதம் மடிப்பது போல மூன்றாக மடியுங்கள். இது ஒரு மடிப்பு. மூடி அரை மணி ஃப்ரிஜ்ஜில் வையுங்கள்.

5. மடித்த ஓரம் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்து மறுபடி இட்டு மடியுங்கள். இப்படி மொத்தம் ஐந்து தடவை. ஒவ்வொரு மடிப்புக்கும் அரை மணி ஓய்வு. நடுவில் எப்போதாவது மாவு பளபளத்தாலோ குழவியில் ஒட்டினாலோ "இதோ முடிஞ்சுடும்" என்று இழுக்காதீர்கள். உடனே ஃப்ரிஜ்ஜுக்கு அனுப்புங்கள்.

6. மாவைக் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதி உள்ளேயே இருக்கட்டும். மற்றதை 11 அங்குலச் சதுரமாக, இரண்டு நாணயம் அடுக்கிய கனத்துக்கு இடுங்கள். ஓரங்களைச் சீவிவிட்டு இரண்டரை அங்குலச் சதுரங்களாக வெட்டினால் 16 கிடைக்கும். கத்தி கூராக இருக்கட்டும். இழுக்காமல் நேராக அழுத்தி வெட்டுங்கள். இழுத்தால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும்.

7. நடுவில் ஒரு டீஸ்பூன் மசாலா வைத்து, உட்பக்க ஓரத்தில் தண்ணீர் தொட்டு, முக்கோணமாக மடியுங்கள். விளிம்பை நசுக்காமல், சற்று உள்ளே தள்ளி விரலால் அழுத்தி ஒட்டுங்கள். மேலே மட்டும் பால் தடவுங்கள். வெட்டிய பக்கங்களில் பால் வழிந்தால் அங்கே அடுக்கு எழும்பாது.

8. தட்டில் அடுக்கி இருபது நிமிடம் ஃப்ரிஜ்ஜில் வைத்துவிட்டு, 200 டிகிரி செல்சியஸுக்கு நன்றாகச் சூடாகியிருக்கும் ஓவனில் 15 நிமிடம் வையுங்கள். அதுவரை கதவைத் திறக்கவே கூடாது. பிறகு சூட்டை 180 டிகிரிக்குக் குறைத்து, 8 முதல் 10 நிமிடம், பொன்னிறமாகும்வரை விடுங்கள். உள் அடுக்கும் வேக வேண்டும் என்பதால் மேலே சிவந்தவுடன் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

சீவிய ஓரங்களை உருட்டிப் பிசைந்துவிட வேண்டாம். அப்படியே அடுக்கி இட்டு, ஓமம் தூவி, குச்சிகளாக வெட்டி வேக வைத்தால் அதுவும் ஒரு நொறுக்குத் தீனி.

கேட்பீர்களே!

நெய் ஊற்றிச் செய்யலாமா? வெண்ணெயில் 80 சதவீதம்தான் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யில் தண்ணீர் அநேகமாக இல்லை, தகடு போல இறுகவும் செய்யாது. பொலபொலவென்று பிஸ்கட் மாதிரி வரும், அடுக்கு வராது.

வீட்டில் எடுத்த வெண்ணெய்? தாராளமாக. மோரும் தண்ணீரும் போகப் பலமுறை அலசிப் பிழிந்து, இறுக வைத்து உபயோகியுங்கள்.

கோதுமை மாவு? கால் பங்கு வரை மைதாவுக்குப் பதில் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் தவிடு இழுவையைக் கெடுத்துக் கனமாகிவிடும்.

ஓவன் இல்லையே? குக்கரிலும் வாணலியிலும் வைத்தால் அடி சிவந்து மேலே வெளுத்து நிற்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓவன் இருந்தால் தட்டோடு எடுத்துப்போய் வைத்து வாருங்கள். அவர்களுக்கும் நாலு கொடுத்தால் ஆயிற்று!

முட்டை பப்ஸ்? முட்டை சாப்பிடுகிற வீடானால் வெங்காய மசாலாவோடு வேக வைத்த முட்டையில் கால் பாகம் வைக்கலாம். அதற்குச் சதுரத்தைச் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

விருந்துக்கு முதல் நாள் காலையில் மாவை மடித்து முடித்துவிடுங்கள். மாலையில் மசாலா செய்து, ஆறியதும் மூடி ஃப்ரிஜ்ஜில் வையுங்கள். கிழங்கு மசாலாவை இரவு முழுக்க வெளியில் வைக்கக் கூடாது. மறுநாள் மதியம் மடித்துத் தட்டில் அடுக்கி ஃப்ரிஜ்ஜில் வைத்தால் போதும். அவர்கள் வருவதற்கு அரை மணி முன்னால் முதல் தட்டு ஓவனுக்குப் போகட்டும், வந்த பிறகு இரண்டாவது. வாசனை கூடம்வரை வரும். நீங்களும் கூடத்தில் இருக்கலாம்.

வேகாத பப்ஸை ஃப்ரீஸரில் ஒரு மாதம்வரை வைக்கலாம். குளிர் விடுமுன் அப்படியே ஓவனில் வைத்து, ஐந்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். வெந்ததை அன்றைக்கே சாப்பிட்டுவிடுவது நல்லது. மறுபடி சூடு பண்ண ஓவனில் ஐந்து நிமிடம் போதும். மைக்ரோவேவில் வைத்தால் துவண்டுவிடும்.

யாருக்கு எத்தனை?

200 கிராம் வெண்ணெயை 32 பப்ஸுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 6 கிராம் சொச்சம், அதாவது ஒன்றேகால் டீஸ்பூன் வெண்ணெய். கலோரி கிட்டத்தட்ட 80. பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு சரியாக இருக்கும். 15 பேருக்குத் தாராளமாக வரும். சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்களுக்கு ஒன்று போதும், அதுவும் டாக்டர் சொன்ன பத்தியத்துக்கு உட்பட்டு. கூடவே சுண்டல், வெள்ளரி, காரட் துண்டுகள், நீர்மோர் என்று லேசாக வையுங்கள். பப்ஸும் பஜ்ஜியும் கேக்கும் ஒரே தட்டில் வேண்டவே வேண்டாம்.

சின்னக் குழந்தைகளுக்கு நொறுங்கும் மேல் ஏடு தொண்டையில் ஒட்டிப் புரையேறும். காரமும் உப்பும் சேர்க்குமுன் மசித்த காயைக் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அவர்களுக்கு அதுவே விருந்து.

வெளியில் ஒரு மதிப்புடன் தட்டில் வந்து உட்காரும் பலகாரம் இது. "இதுல என்ன எண்ணெய் போட்டே?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், "நல்ல வெண்ணெய்தான் அத்தை, உங்களுக்கு ஒண்ணு" என்று தயங்காமல் சொல்லலாம். அடுத்த விருந்துக்கு ஒருமுறை செய்துதான் பாருங்களேன்!